மருந்தின் விலையும் காப்புரிமைச் சட்டத்தின் ஓர் உட்பிரிவும்

ஒரு மாத்திரையின் விலையை அதில் சேரும் மூலப்பொருளும் அதைத் தயாரித்து அட்டையில் அடைக்கும் செலவும் மட்டும் தீர்மானிப்பதில்லை; அந்த மாத்திரையைச் செய்து விற்க எத்தனை பேருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை மறைக்காமல் ஏட்டில் பதிவு செய்தால், குறிப்பிட்ட காலம் வரை அதை வேறு எவரும் செய்யக்கூடாது என்று அரசு அவருக்கு அளிக்கும் தனியுரிமையே காப்புரிமை எனப்படுகிறது. அந்தக் காலம் முடிந்ததும் எந்த நிறுவனமும் அதே மருந்தைத் தயாரிக்கலாம். அவ்வாறு தயாரிக்கப்படும் மருந்தே ஜெனரிக் மருந்து. பல நிறுவனங்கள் ஒரே மருந்தைச் செய்யத் தொடங்கும்போது விலை சரிகிறது, சில நேரங்களில் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழேயும் இறங்குகிறது. ஆகவே காப்புரிமை எதற்குத் தரப்படுகிறது, எதற்கு மறுக்கப்படுகிறது, எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்னும் கேள்விகள் வழக்கறிஞர்களுக்குரியவையாகத் தோன்றினாலும், மருந்துச் சீட்டோடு கடையில் நிற்கும் ஒவ்வொருவரின் பணப்பையையும் அவை தொடுகின்றன.

விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே நடைமுறையில் இருந்தது. இந்தியாவில் பெறப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டினரின் கையில் இருந்ததோடு, அந்தக் கண்டுபிடிப்புகள் இங்கே தயாரிப்புக்கும் வராமல், இறக்குமதிக்குப் பாதுகாப்பு வேலியாக மட்டும் பயன்பட்டன. இதை ஆராய நியமிக்கப்பட்ட நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை, மருந்துக்கும் உணவுக்கும் பொருள்மீது காப்புரிமை கூடாது, செய்முறைமீது மட்டும் போதும் என்று பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறைக்கான காப்புரிமையும் அதிகபட்சம் 7 ஆண்டுகளே என்று அது வரையறுத்தது. ஒரே மூலக்கூறை வேறொரு வழியில் தயாரிப்பவருக்குத் தடை இல்லை என்றானதால் இந்திய வேதியியலாளர்கள் மாற்றுச் செய்முறைகளைத் தேடித் தேர்ந்தனர். முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியா வளரும் நாடுகளுக்கெல்லாம் மருந்து அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது. நாட்டின் தொழில் கொள்கை வரலாற்றில் இவ்வளவு தெளிவான பலன் தந்த சட்டங்கள் மிகச் சிலவே.

இந்த ஏற்பாட்டை மாற்றியது மருந்து பற்றிய மாநாடு அன்று, வணிகம் பற்றிய உடன்படிக்கை. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தாகி 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, அதன் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்க வேண்டிய ஒப்பந்தங்களுள் ஒன்றாக அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தமும் சேர்க்கப்பட்டது. எல்லாத் தொழில்நுட்பத் துறைகளிலும், மருந்து உட்பட, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுக்குக் குறையாமல் காப்புரிமை அளிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. வணிகத்தோடு இதைப் பிணைத்ததன் பலம் அந்த அமைப்பின் தண்டனை முறையில் இருக்கிறது. ஒரு நாடு ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்ப்பாகி, அது திருத்திக்கொள்ளாமலும் இருந்தால், பாதிக்கப்பட்ட நாடு வேறொரு துறையில் பதிலடி கொடுக்க விதிகள் இடம் தருகின்றன. மருந்துக் காப்புரிமை பற்றிய தகராறுக்காகத் திருப்பூரின் பின்னலாடைமீது கூடுதல் வரி விழுவதற்கும் கோட்பாட்டளவில் வழி உண்டு. வளரும் நாடுகள் தயங்கித் தயங்கியேனும் கையெழுத்திட்டதற்கு இந்தப் பிணைப்பே காரணம். மருந்துப் பொருள்மீது காப்புரிமை தராதிருந்த வளரும் நாடுகளுக்கு 2005 ஜனவரி 1 வரை கெடு கிடைத்தது. இந்தியா அதை முழுவதும் பயன்படுத்திக்கொண்டது.

அந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் உச்சத்தில் இருந்தது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் மூன்று மருந்துக் கூட்டுக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாகிய காலத்தில், 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். இந்தியாவில் அந்த மூலக்கூறுகள்மீது பொருள் காப்புரிமை இல்லாதிருந்ததே அதைச் சாத்தியமாக்கியது. மலிவு மருந்துக்கு வழி செய்யும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து அந்நாட்டு நீதிமன்றம் சென்றிருந்த 39 மருந்து நிறுவனங்கள், உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் அதே ஆண்டு ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள், பொதுச் சுகாதாரத்தைக் காக்க உறுப்பு நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளை டிரிப்ஸ் ஒப்பந்தம் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது என்று ஒருமனதாக அறிவித்தனர். ஒப்பந்தத்தின் கட்டுக்குள்ளேயே நாடுகள் தமக்கு ஏற்ற விதிகளை வகுத்துக்கொள்ள இடம் உண்டு என்பதை அந்த அறிவிப்பு உறுதி செய்தது. அந்த இடத்தை வேறெந்த நாட்டையும் விட நுட்பமாகப் பயன்படுத்தியது 2005ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டம்.

பொருள் காப்புரிமையை ஏற்றுக்கொண்ட அந்தத் திருத்தம், இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலுக்கும் நோயாளிகள் அமைப்புகளின் போராட்டத்துக்கும் இடையே நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, சட்டத்தின் 3ஆம் பிரிவில் டி என்னும் உட்பிரிவு விரிவாக்கப்பட்டது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது, அந்த வடிவம் பழையதைவிடக் கூடுதல் பலன் அளிப்பதாக நிறுவப்படாவிட்டால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்பதே அதன் சாரம். ஒரு மூலக்கூறை உப்பாக மாற்றுவது, அதன் படிக வடிவை மாற்றுவது, துகளின் அளவைக் குறைப்பது, இரண்டு மருந்துகளைச் சேர்ப்பது போன்றவை அனைத்தும், பலனில் கணிசமான வேறுபாடு இல்லாதவரை, அடிப்படையில் ஒரே பொருளாகவே கருதப்படும் என்று விளக்கமும் சேர்க்கப்பட்டது. முதல் காப்புரிமை முடியும் தறுவாயில் இத்தகைய சிறு மாற்றங்களுக்குப் புதுக் காப்புரிமை வாங்கி, தனியுரிமையை மேலும் பல ஆண்டு நீட்டிப்பது மருந்துத் துறையில் பரவலான உத்தி. அதை எவர்கிரீனிங் என்பார்கள். புதிய வடிவத்தால் நோயாளிக்கு என்ன கூடுதல் நன்மை என்று கேட்டு, அதற்கு விடை தராதவரைத் திருப்பி அனுப்புவதே இந்த உட்பிரிவின் வேலை.

அதன் முதல் பெரிய சோதனை சென்னையில் நடந்தது. நாட்பட்ட மைலாய்டு லுகீமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், புற்றுநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய மருந்து. ரத்த அணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்யும் ஒரு பிறழ்ந்த புரதத்தைக் குறிபார்த்து முடக்குவதால், சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோயை அது நாள்தோறும் மாத்திரை போட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக மாற்றியது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதைக் கிளிவெக் என்னும் பெயரில் விற்றது. மூலக்கூறு 1990களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு வேறு நாடுகளில் காப்புரிமை பெற்றிருந்தது. டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு முற்பட்டதாகையால் இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கேட்க இயலவில்லை. ஆகவே அந்த மூலக்கூறின் மெசிலேட் உப்பினுடைய பீட்டா படிக வடிவத்துக்கு 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிறுவனம் விண்ணப்பித்தது.

பொருள் காப்புரிமை அப்போது இந்தியாவில் இல்லாததால் அந்த விண்ணப்பம் 2005 வரை பரிசீலிக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. இடைக்காலத்தில், 2003இல், தனி விற்பனை உரிமை என்னும் தற்காலிகப் பாதுகாப்பு நோவார்ட்டிஸுக்குக் கிடைத்தது. அதைக் காட்டி இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் விற்பனைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அது இடைக்காலத் தடையும் பெற்றது. அந்தத் தடையின் பொருளை நோயாளிகள் உடனே உணர்ந்தனர்: ஜெனரிக் மாத்திரைக்கு மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆன இடத்தில் கிளிவெக்கின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தானே இலவசமாக மருந்து தருவதாக நிறுவனம் கூறியது, அந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பலர் பயனடைந்தனர். ஆனால் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய உதவியை நம்பி, வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரையை எந்த நாடும் விட்டுவிட முடியாது.

இந்தியச் சட்டம் காப்புரிமை வழங்கப்படும் முன்பே எவரும் எதிர்ப்புத் தெரிவிக்க இடம் தருகிறது. போட்டி நிறுவனம்தான் வர வேண்டும் என்பதில்லை, நோயாளியோ பொதுநல அமைப்போ வரலாம். மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் நாட்கோ, சிப்லா உள்ளிட்ட நிறுவனங்களும் எதிர்ப்பு மனுக்களைத் தாக்கல் செய்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகத்தின் துணைநிலை அதிகாரி விண்ணப்பத்தை நிராகரித்தார். நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. உத்தரவை மட்டும் எதிர்க்காமல், உட்பிரிவே செல்லாது என்று வாதிட்டது. பலன் என்ற சொல்லுக்குச் சட்டம் விளக்கம் தராததால் அதிகாரி தன் விருப்பம்போல முடிவெடுக்க நேர்கிறது, அது அரசியல் சாசனத்தின் சமத்துவ விதிக்கு முரண் என்பது ஒரு வாதம். டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு முரண் என்பது மற்றொன்று.

நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6 அன்று இரண்டையும் ஏற்க மறுத்தனர். டிரிப்ஸ் பற்றிய தகராறு நாடுகளுக்கிடையே உலக வர்த்தக அமைப்பில் தீர்க்க வேண்டியது, உள்நாட்டு நீதிமன்றத்தில் ஒரு நிறுவனம் எழுப்பக்கூடியது அன்று என்றனர். பலன் என்பதற்கு மருத்துவ அகராதியையே எடுத்துப் பார்த்து, நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் என்று மருந்துத் துறையினர் அனைவரும் அறிந்த பொருளே அதற்கு உண்டு, அதில் தெளிவின்மை ஏதும் இல்லை என்றும் சுட்டினர். குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதில் கிடைக்கச் செய்வது சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதையும் பதிவு செய்தனர். உட்பிரிவின் அரசியல் சாசனத் தகுதி அத்துடன் நிலைத்தது. நிறுவனம் அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. காப்புரிமை மறுக்கப்பட்டது பற்றிய வழக்கு மட்டும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும், அங்கே 2009இல் தோற்றபின் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் அளித்த தீர்ப்பு நுணுக்கமாகப் படிக்கத் தக்கது. பீட்டா படிகம் எளிதில் வழிந்து சேர்கிறது, வெப்ப இயக்கவியல்படி கூடுதல் நிலைத்தன்மை கொண்டது, காற்றின் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது என்று நிறுவனம் காட்டிய சிறப்புகள் தயாரிப்பாளருக்கும் சேமித்து வைப்பவருக்கும் உதவுபவை, நோயைத் தணிப்பதோடு தொடர்பற்றவை என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. மருந்து உடலில் 30 விழுக்காடு அதிகமாகச் சேர்கிறது என்ற வாதத்தையும் அது ஆராய்ந்து, அதிகமாகச் சேர்வதாலேயே நோய் அதிகமாகக் குணமாகிறது என்று கொள்ள முடியாது, அதற்கு ஆய்வுத் தரவு வேண்டும், அத்தகைய தரவு தரப்படவில்லை என்றது. படிப்படியான முன்னேற்றங்கள் எல்லாவற்றுக்கும் காப்புரிமையே கிடையாது என்று இந்தத் தீர்ப்பைப் படிக்கக்கூடாது எனவும் நீதிபதிகள் எச்சரித்தனர். புதிய ஆராய்ச்சிக்கு இந்தியா எதிரி என்று அப்போது எழுந்த குற்றச்சாட்டுக்கு இதுவே நேரான மறுப்பு. உண்மையான புதிய மூலக்கூறுக்கு இந்தியா 20 ஆண்டு காப்புரிமை தருகிறது. பழைய மூலக்கூறின் புது உடைக்குத்தான் நன்மைக்கான சான்றைக் கேட்கிறது.

ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவாகிறது, அதை ஈடுகட்ட உயர்ந்த விலை தேவை என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதும் உண்மை. தோற்றுப்போகும் மூலக்கூறுகளின் செலவையும் வெற்றி பெறும் மூலக்கூறே சுமக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் மருந்து ஆராய்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் செலவிடும் பொதுப்பணம் பெரிது. அதோடு, வாங்கவே இயலாத மக்களிடம் வைக்கும் விலை ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதும் இல்லை, நோயைத் தீர்ப்பதும் இல்லை.

இதற்கு நெக்சாவர் வழக்கு சாட்சி. சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்குமான சொராஃபெனிப் என்னும் அந்த மருந்துக்கு பேயர் நிறுவனத்திடம் முறையான இந்தியக் காப்புரிமை இருந்தது. மாதத்துக்கான 120 மாத்திரைகளின் விலை 2,80,428 ரூபாய். காப்புரிமை வழங்கி மூன்றாண்டு கடந்தபின், மக்களின் தேவை நிறைவேறவில்லை என்றாலோ, விலை எட்டாததாக இருந்தாலோ, கண்டுபிடிப்பு இந்தியாவில் செயலுக்கு வரவில்லை என்றாலோ, உரிமையாளரின் சம்மதமின்றியே வேறொருவருக்குத் தயாரிப்பு அனுமதி தரச் சட்டம் வழி செய்கிறது. அது கட்டாய உரிமம். 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அலுவலர் பி.எச். குரியன் மூன்று காரணங்களும் பொருந்துகின்றன என்று கண்டு, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அந்த உரிமத்தை அளித்தார். நாட்கோவின் விலை மாதம் 8,880 ரூபாய். விற்பனையில் 6 விழுக்காடு பேயருக்கு உரிமைத்தொகை. மேல்முறையீட்டு வாரியம் அதை 7 விழுக்காடாக உயர்த்தி உரிமத்தை உறுதி செய்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர், கிளிவெக் வழக்கில் தீர்ப்பளித்த அதே பிரபா ஸ்ரீதேவன். அதற்குப் பின் இந்தியாவில் ஒரு கட்டாய உரிமம்கூட வழங்கப்படவில்லை. பின்னர் வந்த விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. சட்டத்தில் இருக்கும் ஒரு கருவியை எடுக்கவே அரசு தயங்குகிறது என்று கருத இது இடம் தருகிறது.

உலக அளவிலும் இத்தகைய கருவிகள் துருப்பிடித்தே கிடக்கின்றன. சொந்தமாக மருந்துத் தொழிற்சாலை இல்லாத ஏழை நாடு வேறொரு நாட்டின் கட்டாய உரிமத்தில் தயாரான மருந்தை இறக்குமதி செய்வதற்கு 2003இல் உலக வர்த்தக அமைப்பு ஒரு வழிமுறையை வகுத்தது. கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் ருவாண்டாவுக்கு எய்ட்ஸ் மருந்து அனுப்பியதைத் தவிர அந்த வழிமுறையில் வேறு மருந்து எதுவும் சென்றதில்லை. படிவங்களும் நிபந்தனைகளும் அத்தனை. கொரோனா பெருந்தொற்றின்போது காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் முன்வைத்த கோரிக்கை, 2022 ஜூனில் ஜெனீவாவில் முடிவானபோது தடுப்பூசிக்கு மட்டும் பொருந்தும் குறுகிய சலுகையாகச் சுருங்கிவிட்டது.

இவற்றோடு ஒப்பிடும்போது 3(டி) உட்பிரிவு இன்றும் வேலை செய்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமம் கேட்ட காப்புரிமையை மும்பை அலுவலகம் 2023 மார்ச்சில் மறுத்தது. எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்களும் இருந்தனர். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய காசநோய் ஊசிமருந்தின் பக்கவிளைவால் இருவரும் செவித்திறனை இழந்தவர்கள். அந்த நச்சு ஊசிகளுக்கு மாற்றாக வந்த மாத்திரையே பெடாகுவிலின். காப்புரிமை கிடைத்திருந்தால் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். மறுக்கப்பட்டதால் மூல மூலக்கூறின் உரிமை 2023 ஜூலையில் முடிந்ததும் இந்திய ஜெனரிக் தயாரிப்புக்கு வழி திறந்தது. பிலிப்பைன்ஸ் 2008இல் ஏறத்தாழ இதே விதியைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து இந்த உட்பிரிவைக் குறை கூறிவந்தாலும், எந்த நாடும் இதுவரை உலக வர்த்தக அமைப்பில் இதற்கு எதிராக வழக்குத் தொடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் அசைக்க முடியாததை இப்போது வணிகப் பேச்சு மேசைகள் அசைக்கின்றன. இரண்டு அல்லது சில நாடுகளுக்கிடையே செய்துகொள்ளப்படும் தடையற்ற வணிக ஒப்பந்தங்களில், டிரிப்ஸ் கேட்பதைவிடக் கூடுதலான காப்பு கோரப்படுகிறது. அவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது தரவுத் தனியுரிமை. புதிய மருந்தை முதலில் கொண்டுவரும் நிறுவனம் அதன் பாதுகாப்பையும் பலனையும் மனிதர்களிடம் சோதித்த தரவை அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அளிக்கிறது. ஜெனரிக் நிறுவனம் தன் மருந்தும் அதற்கு இணையானது என்று காட்டினால் போதும், அந்தச் சோதனைகளை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. தரவுத் தனியுரிமை வந்துவிட்டால், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தரவைச் சார்ந்து ஜெனரிக் மருந்துக்கு அனுமதி தர முடியாது. காப்புரிமை மறுக்கப்பட்ட மருந்துக்கும் இது பொருந்தும் என்பதால், 3(டி) முன்வாசலில் தடுத்த தனியுரிமை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024 மார்ச் 10 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியா இதை ஏற்கவில்லை என்பது பாராட்டுக்குரியது.

ஆனால் அதே மாதம் 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட புதிய காப்புரிமை விதிகள் கவலை தருகின்றன. கண்டுபிடிப்பு இந்தியாவில் எந்த அளவு பயன்பாட்டில் உள்ளது என்று உரிமையாளர் ஆண்டுதோறும் தர வேண்டியிருந்த அறிக்கை, மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. கட்டாய உரிமம் கேட்பவருக்கு ஆதாரமாவது அந்த அறிக்கையே. கட்டணமின்றி எவரும் அளிக்க முடிந்த முன்எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வந்துவிட்டது. மனு விசாரணைக்கு உரியதா என்று முதலில் அதிகாரியே தீர்மானிப்பார் என்ற படியும் சேர்ந்துவிட்டது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்வதற்கு உரிமையாளரின் விருப்பத்தோடு பெறும் உரிமங்களையே விரும்பத்தக்க வழியாகக் குறிப்பிடுகிறது. இவற்றில் ஒன்றும் சட்டத்தின் உட்பிரிவைத் தொடவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த நோயாளி ஏற வேண்டிய படிகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன.

இந்தியாவில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செய்வது அரசின் நிர்வாக அதிகாரம். கையெழுத்திடும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வரைவும் பெரும்பாலும் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. 3(டி) உட்பிரிவு நாடாளுமன்ற விவாதத்தில் பிறந்தது, திறந்த நீதிமன்றத்தில் நிலைபெற்றது. அதன் பயனைக் குறைக்கக்கூடிய எந்த அத்தியாயமும் மூடிய அறையில் முடிவாகக் கூடாது. வணிக ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமைப் பகுதியையேனும் கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றக் குழுவின் முன்வைக்க வேண்டும், முன்எதிர்ப்பு மனுவுக்கான கட்டணத்தை நோயாளிகளுக்கும் அவர்களின் அமைப்புகளுக்கும் முழுமையாக நீக்க வேண்டும். தமிழ்நாட்டின் உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை மக்களவையிலும் மாநிலங்களவையிலும் எழுப்புவார்களாக.